பேரரசரின் மூக்கு

— ரோமாபுரி நாணயச்சாலையே, கேள்! கடலுக்கும் கரைக்கும் தலைவர், தோல்வியே அறியாதவர், தெய்வங்களின் செல்லப்பிள்ளை, மாமன்னர் ருஃபியானுஸ் அவர்களின் திருமுகம் தாங்கிய புத்தாண்டுப் பதக்கம்...

— கசெலியுஸ் ஐயா, இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன். மத்தவங்க சாப்பிடப் போயிட்டாங்க.

— அப்ப நீ கேளு, நிகாண்டர். நாளன்னிக்குப் புத்தாண்டு. பதக்கத்துக்குப் படைத்தலைவருங்க கைய நீட்டிட்டு நிப்பாங்க. அன்னிக்குப் பதக்கம் தயாரா இல்லேன்னா என் தலை உருளும். அச்சு எங்கே?

— இந்தாங்க. மெழுகுல அழுத்திப் பாருங்க.

— ஐயோ! என்னய்யா மூக்கு இது, கப்பல் முனையாட்டம்!

— நீங்க அனுப்பின படத்துல இருக்கற மூக்குதாங்க.

— அந்தப் படத்த வரைஞ்சவன் இப்ப உப்புச் சுரங்கத்துல கிடக்கான்யா! குறை!

— முடியாதுங்க. நான் இரும்புல குழியா வெட்டறேன், அது தங்கத்துல மேடா விழுது. இன்னும் வெட்டினா மூக்கு இன்னும் வளரும். வெட்டினத ஒட்டவா முடியும்?

— நானும் சுரங்கத்துக்குத்தானா?

— பயப்படாதீங்க. கன்னத்தப் பெருசாக்கிட்டா மூக்கு அடங்கித் தெரியும். கழுத்தும் கூடவே ஊதணும்.

— ஊதட்டும்! நான் இங்கயே உக்காந்திருக்கேன்.

— மோவாயும் ரெண்டு மடிப்பு போடறேன்.

— நாலு மணி நேரமாச்சு, ஆலிவ் தட்டும் காலி. காட்டு... அடடா! என்ன கம்பீரம்! ஆமா, ஓரமெல்லாம் வெறுமையா இருக்கே. பேரு எங்கே?

— பேரக் கடைசிலதாங்க வெட்டுவேன்.

— திமிரா? பேரரசர் பேர முதல்ல வெட்டணும்யா!

— கைப்பழக்கம் அப்படி ஆயிடுச்சுங்க.

— இரு, வாசல்ல என்ன சத்தம்? அடேய் காவக்காரா!

— ஐயா, டான்யூப் கரைலேர்ந்து ஆள் வந்திருக்கான். பேரரசர அவர் படையாளுங்களே கூடாரத்துல குத்திட்டாங்களாம். தளபதி வெகிலியானுஸ்தான் இப்ப பேரரசராம்.

— போச்சு! ரெண்டு நாள்ல புது அச்சுக்கு நான் எங்க போவேன்!

— காவக்காரரே, புதுசா வந்தவருக்குத் தாடி உண்டா?

— முகம் பூராவும்.

— நல்லது. தாடிய வெட்டிச் சேத்துக்கலாம். மூக்கு?

— அவர் வர்றதுக்கு முன்னாடி அதுதான் வருமாம்.

— நிகாண்டர், என் தெய்வமே! உக்காரு, உளிய எடு! வெகிலியானுஸ்னு பேர வெட்டு, இப்பவே!

— நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க ஐயா. அப்பவும் இவரே இருந்தா வெட்டறேன்.