ஆறில்லாப் பாலத்து அக்காவுக்கு

அறியாத இடங்களுக்கு அழைத்துச் சென்ற அன்புக் குரலே! மேடு கண்டு மலைக்காத, மழை கண்டு மறுக்காத மனமே! வந்தவர் வாயிலிருந்தே வினாவை வரவழைத்த வழிகாட்டியே! எங்கள் அக்காவே! வணக்கம்.

விந்தை இடங்களுக்கு மட்டுமே சுற்றுலாப் பேருந்து விடும் இச்சிறு நிறுவனத்தில் நீங்கள் சேர்ந்தபோது இருந்தது ஒரே பேருந்து. அதுவும் ஏற்றம் கண்டால் மூச்சு வாங்கும். ஒற்றை முள்ளோடு ஓடும் மணிக்கூண்டையும், பூட்டில்லாச் சாவிகளை மட்டுமே சேர்த்து வைத்த மாளிகையையும், தெருவாசல் மாடியில் இருக்கும் வீட்டையும் தேடித் தேடி வழித்தடத்தில் சேர்த்தவர் நீங்கள். "அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று அலுவலகத்தில் கேட்டால், "தெரியல, அதுக்குத்தான் போகணும்" என்பீர்கள். அடுத்த வாரமே பேருந்து அங்கே போய் நிற்கும்.

கேள்வியையே கொடியாகப் பிடித்தவரே! எந்த இடத்திலும் நீங்களாக விளக்கம் தொடங்கியதில்லை. "ஆளுக்கொண்ணு கேளுங்க, அப்புறம் நான் சொல்றேன்" என்பதே உங்கள் சட்டம். "பேசறதுக்குத்தானேம்மா உன்னை வச்சிருக்காங்க?" என்று சண்டைக்கு வந்தார் ஒரு பெரியவர். "கேட்டுட்டீங்கல்ல ஐயா, இனிமே நிறுத்த மாட்டேன்" என்றீர்கள். அன்று அவருக்குத் தேநீர் குடிக்கவும் நேரம் வாய்க்கவில்லை.

நீங்கள் முதன்முதலில் கண்டெடுத்த இடம் ஆறில்லாப் பாலம். சென்ற மாதம் நம் மேலாளர், உங்கள் பணி ஓய்வோடு அதற்கும் ஓய்வு என்று அறிவித்தார். "ஏழு கண் பாலம், கீழ சொட்டுத் தண்ணி இல்ல. நீங்க இருந்தீங்க, ஓடுச்சு. இனிமே யாரு மேடம் வருவாங்க?" முகம் வாடினாலும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "ஒரே ஒரு தடவை கூட வாங்க சார். பார்த்துட்டு எடுத்துடுங்க."

வந்தார். பாலத்தின் நடுவில் பயணிகள் எல்லோரும் கேட்டாயிற்று. மேலாளர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நீங்களோ பேச்சைத் தொடங்கவில்லை. "ஒருத்தர் பாக்கி சார்" என்றீர்கள். வெயில் ஏறியது. "ஏதாவது ஒண்ணு கேட்டுடுங்க சார், பசிக்குது" என்று பின்னாலிருந்து ஓட்டுநர் குரல் கொடுத்தார். வேண்டாவெறுப்பாகக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார் மேலாளர்.

"சரி, ஆறு எங்கதான் போச்சு?"

உடனே அவரைக் கீழே அழைத்துச் சென்று, தூணில் படகுக் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளத்தில் விரலை வைக்கச் சொன்னீர்கள். "இங்கதான் சார் இருந்துச்சு. ஒரு வெள்ளத்துல குன்றுக்கு அந்தப் பக்கமா வழிய மாத்திக்கிச்சு. பாலத்துக்கிட்டதான் யாரும் சொல்லல."

அவர் விரலை எடுக்க மனம் வராமல் நின்றார். திரும்பும் வழியெல்லாம் கேள்விதான். "அந்த மணிக்கூண்டுல ஏன் ஒரே முள்ளு? இன்னொண்ணு விழுந்துடுச்சா?" "உக்காந்து கேளுங்க சார், வளைவு வருது" என்று கெஞ்சினார் ஓட்டுநர். மறுநாளே பாலம் வழித்தடத்தில் நிலைபெற்றது.

ஆயினும் அக்கா, அன்று மாலை ஓட்டுநர் சொன்ன ஒரு சொல் எங்களை உறுத்துகிறது. "அக்கா எப்பவும் பயணிங்களைப் பார்த்துத்தானே நிக்கிறாங்க? ரோட்டுக்கு முதுகுதான். வளைவு திரும்பினதும் பாலம் திடீர்னு எதிர்ல எழும்பும் பாருங்க, அதை அவங்க ஒரு நாளும் பார்த்ததில்ல." அந்தோ! அதிசயங்கள் அணுகி வருவதை அடுத்தவர் கண்களில் மட்டுமே கண்டு அகமகிழ்ந்தவரே!

ஆகவே, இம்மடலோடு நாளைக் காலைப் பேருந்தின் முன்வரிசை ஜன்னலோர இருக்கைக்கான பயணச்சீட்டையும் உங்கள் கையில் வைக்கிறோம். மைக்கை மேலாளரே பிடிப்பார். சாலைக்கு முதுகு காட்டி நிற்பார். தப்பாகச் சொன்னாலும் பொறுத்தருளுங்கள், எழுந்துவிடாதீர்கள்.

உடல் நலமும் உள்ள நிறைவும் உங்களைவிட்டு ஒருபோதும் வழி மாறாதிருக்கட்டும்! இன்னும் பார்க்காத இடங்கள் உங்களுக்காகக் காத்திருக்கட்டும்! பல்லாண்டு வாழ்க!

வளைவு திரும்பும்போது எதிரே பாருங்கள். நீங்கள் ஒன்று கேட்கும்வரை மேலாளர் வாய் திறக்க மாட்டார்.

இனி உங்களோடு பயணிக்க விழையும்,
ஓட்டுநர்கள், பயணச்சீட்டுப் பிரிவினர், பணிமனைத் தோழர்கள்
மற்றும் மேலாளர்