நாலு மூட்டை மணல்

ஜீப்புக்கு டயர் மாற்ற நினைக்கிறவர்கள் நேரே கடைக்குப் போய் டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரையை. வண்டி எந்தத் தரையில் ஓடப்போகிறது என்று தெரிந்துவிட்டால் டயர் தானாகவே முடிவாகிவிடும். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷம் ஃபிட்டராக இருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால் மெதுவாகவே சொல்கிறேன், ஐயா.

என் பெயர் அமீர் ஜான். பழவேற்காட்டில் ஏரிக்கரையில் என் ஷெட் இருக்கிறது. நேற்று நீங்கள் பிடித்து வந்த ஷாகுல் ஹமீது என் மருமகன். இறந்துபோன அவன் மனைவி மஸூதா என் மகள். எனக்கு ஒரே பிள்ளை. தண்ணீர் ஏறியிருந்தும் கண்மூடித்தனமாக வண்டியை ஏரியில் இறக்கினான் என்று அவன்மேல் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. தண்ணீர் அளவு பார்க்கும் கம்பத்தில் நான் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் அவன் இறக்கினான்.

அது ராணுவ ஏலத்தில் வந்த பழைய ஜீப். ஷாகுல் அதில் ஐஸ் ஏற்றிக்கொண்டு ஏரித்தீவான பசியாவரத்துக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் போவான், இறால் ஏற்றிக்கொண்டு திரும்புவான். தண்ணீர் குறைந்த மாதங்களில் ஏரிக்குள்ளேயே வண்டி போகும். மேலே ஒரு சாண் சேறு, அதற்கடியில் கிளிஞ்சல் படிந்து இறுகிய தரை. ஒல்லியான டயர் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி அந்தத் தரையைப் பிடித்துக்கொள்ளும். கடலோர மணலில் அதே டயர் புதைந்துவிடும். மணலுக்கு அகலமான டயர் வேண்டும். இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே டயர் கிடையாது. ஒழுங்கான ஃபிட்டராக இருந்தால் இரண்டு செட் வைத்துக்கொள்ளச் சொல்வான்.

ஆடி மாதத்தில் ஷாகுல் மூன்று முறை மணலில் மாட்டிக்கொண்டான். அகல டயர் போட்டுத் தரும்படி கேட்டான். அதே நாளில்தான், மங்களூரில் ஓர் இறால் கம்பெனி அவனை வண்டிகளைப் பார்த்துக்கொள்ள அழைத்திருப்பதையும், தை மாதம் மஸூதாவோடு அங்கே போய்விடப் போவதையும் சொன்னான். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். மரியாதை தெரிந்த பையன். மஸூதாதான் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல், நீங்களும் வந்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு ஷெட் இருக்கிறது என்றேன்.

அவளுக்கு நாலு வயதில் அவள் தாய் பரக்கத் பீவி இறந்துபோனாள். நான் மறுபடி நிக்காஹ் செய்துகொள்ளவில்லை. கிளட்ச் கம்பியின் இழைகளைப் பிரித்துப் பிரித்துப் பின்னிப் பார்த்துத்தான் அவளுக்கு ஜடை போடப் பழகினேன். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுக்குப் போய், மாட்டு வண்டிகளுக்குப் போடுகிற பழைய விமான டயர் நாலு பார்த்து எடுத்தேன். நல்ல அகலம். ஜீப்பின் சக்கர டிஸ்க்கை அறுத்து, நடுவில் பட்டை வைத்து வெல்டிங் செய்து அகலப்படுத்தினேன். டயர் பெரிதானால் மட்கார்டில் உரசும், அதனால் வண்டியைத் தூக்க வேண்டும். மூன்று அங்குலம் தூக்கினால் திருப்பும்போது உரசும். ஆறு தூக்கினால் கரைமேல் சாயும். நாலுதான் சரியான அளவு. ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் நாலு அங்குல இரும்புக் கட்டை வைத்து நீள யூ போல்ட் போட்டு முடுக்கினேன். வேலையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் யாரையும் கூட்டிவந்து பார்க்கச் சொல்லலாம்.

ஷாகுல் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னா மாமா, ஜீப்ப குடுத்தா ஒட்டகத்த திருப்பிக் குடுக்கிறீங்க."

மஸூதா ஏறிப் பார்த்தாள். முழங்காலுக்கு மேல் கால் தூக்க வேண்டியிருந்தது.

"மருமகனுக்கு வண்டி, எனக்கு ஏணியா வாப்பா?"

நானும் சிரித்தேன். மறுநாளே இடது பக்கம் ஒரு படி வைத்துக் கொடுத்தேன்.

பசியாவரத்து ஆதிநாராயணன் வலை வாங்க எங்கள் ஊருக்கு வந்தவர், டயரைக் காலால் ஓர் உதை உதைத்தார். "இன்னா பாய், வண்டிக்கு தெப்பம் கட்டிக்கினியா?" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் படகில் பிறந்த ஆள், பார்த்த உடனே விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. காற்றடைத்த அகலமான பொருள் தண்ணீரில் மிதக்கும். எனக்கு அது முன்பே தெரியும். வடக்கே ஓர் ஆற்றைக் கடக்கும்போது, இப்படி அகல டயர் போட்ட காலி டிரக் ஒன்று தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டு, இலைபோல் பக்கவாட்டில் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த டிரக்குக்கு எங்கள் சுபேதார் மணல் மூட்டை ஏற்றச் சொன்னார். அது ஒழுங்காகக் கடந்தது.

ஜீப்புக்கு நாலு மூட்டை போதும். எங்கள் ஊரில் மணலுக்குப் பஞ்சம் இல்லை.

தண்ணீரில் தொந்தரவு வருமா என்று ஷாகுல் கேட்டான். சுமை இருக்கிறதே, போகும் என்றேன். அது உண்மைதான். போகும்போது ஐஸ், வரும்போது இறால். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சுமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒல்லி டயர் நாலையும் துண்டு துண்டாக அறுத்து, படகுகள் கரையில் மோதாமலிருக்கக் கட்டிக்கொள்ளும்படி கொடுத்துவிட்டேன். துறையில் இன்னும் தொங்குகின்றன.

ஏரியில் இறங்குகிற இடத்தில் ஒரு கம்பம் உண்டு. தண்ணீர் அதிலுள்ள வெள்ளைக் கோட்டுக்கு மேல் போனால் ஜீப் இறங்கக் கூடாது. வண்டிதான் நாலு அங்குலம் உயர்ந்துவிட்டதே என்று, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு நாலு அங்குலம் மேலே புதுக் கோடு போட்டேன். கோட்டில் தப்பு இல்லை. அந்த அளவுத் தண்ணீரில் என்ஜின் நனையாது.

ஐப்பசியில் முதல் மழை பெய்து, முகத்துவாரத்தில் நீரின் இழுப்பு ஆரம்பித்திருந்தது. பசியாவரத்தில் ஆதிநாராயணன் பேத்திக்குக் காதுகுத்து. காலை ஒன்பது மணி இருக்கும். ஷாகுல் ஐஸ் பெட்டியைக் கழுவிக் காலியாக வைத்திருந்தான். மஸூதா பச்சைப் புடவை கட்டி, கையில் இனிப்பு டப்பாவோடு வந்தாள். படியில் கால் வைத்து ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தாள். விழாமலிருக்க நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சோறு மூடி வச்சிருக்கேன் வாப்பா. மீன் ஆறிட்டா உங்களுக்குப் பிடிக்காது, நேரத்துல சாப்பிடுங்க."

பார்த்துப் போம்மா என்றேன். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அன்று காலையிலேயே போய்ப் பார்த்திருந்தேன். புதுக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. என் காலடியில் மணல் குவிந்து கிடந்தது. வண்டி கிளம்பிய பிறகு கைகழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். மீன் சூடாகத்தான் இருந்தது.

நடு ஏரியில் ஜீப் மிதந்து, ஆழமான ஓடைப் பக்கம் இழுபட்டுக் கவிழ்ந்தது. ஆதிநாராயணன் படகு வருவதற்குள் ஷாகுல் நாலைந்து முறை முங்கித் தேடியிருக்கிறான். அவன் எவ்வளவு தண்ணீரிலும் நீந்துவான். மஸூதாவுக்கு நீச்சல் தெரியாது. ஒரே பிள்ளை என்று நான்தான் அவளைத் தண்ணீர்ப் பக்கம் விட்டதில்லை.

நேற்று உங்கள் ஸ்டேஷனில் அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க எவ்ளோ ஒழுங்கா பண்ணிக் குடுத்தீங்க மாமா. நான்தான் பாழாக்கிட்டேன். மன்னிச்சிடுங்க."

அதனால்தான் வந்தேன். அவனை விட்டுவிடுங்கள்.

அவன் பயந்துபோய் மங்களூர்ப் பேச்சை விடட்டும் என்றுதான் நினைத்தேன். நடுத் தண்ணீரில் வண்டி நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன். மஸூதா அதில் இருப்பாள் என்று நினைக்கவே இல்லை. நாற்பது நாளாக எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளை மையவாடியில் அடக்கம் செய்திருக்கிறோம், ஷெட்டிலிருந்து கூப்பிடு தூரம். தினம் மாலை போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். தை மாதம் வந்தாலும் அவள் அங்கேதான் இருப்பாள். இந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படியைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த வண்டி காலியாகப் போனால்தான் மிதக்கும். அவளை வெளியே அழைத்துப் போகும் நாளில் மட்டும்தான் அது காலியாகப் போகும். மற்ற நாளில் அந்த இடது இருக்கையில் கூடைகள்தான் இருக்கும், அவற்றுக்குப் படி வேண்டாம்.

படி மஸூதாவுக்குத்தான், ஐயா. அவள் காலை அளவெடுத்துத்தான் வைத்தேன்.