அழிக்கட்டுமா என்று கேட்ட இயந்திரம்

வாரத்தில் கிடைக்கும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எங்களுக்காக விட்டுக்கொடுத்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து அமர்ந்திருக்கும் வேலம்பாளையத்துப் பெருமக்களே! விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், நூலையும் ஊசியையும் நம்பி நூறு குடும்பங்களுக்கு வாழ்வளிக்கும், எங்கள் எம்ப்ராய்டரி கம்பெனியின் முதலாளியம்மா நஞ்சம்மாள் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பார் முழுவதும் உடுக்கப் பனியன் தைத்துத் தந்துவிட்டு, பண்டிகைக்கு மட்டும் புதுத்துணி எடுக்கும் தாய்மார்களே! மேளம் கட்டி, மைக் பிடித்து, கணியூர்த் திருவிழா முதல் காங்கேயம் கல்யாணம் வரை பாடிப் பாடித் தொண்டை தேய்ந்த மெல்லிசைக் கலைஞர்களே! என் தமிழ் புரிந்தாலும் புரியாவிட்டாலும் புன்னகை மாறாமல் அமர்ந்திருக்கும் வடநாட்டுத் தோழர்களே! உங்கள் அத்தனை பேருக்கும், கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் நிற்பதற்கே கூச்சப்படும் மெக்கானிக் சிவராஜின் வணக்கம்.

என்னங்க? பின்னாலிருந்து யாரோ ‘சுருக்கமா பேசுங்க’ என்கிறார்கள். ஏனுங்க, இப்பத்தானுங்க வணக்கமே வெச்சேன்! சோறு ஆறாதுங்க, நான் பாத்துக்கறேன்.

இந்த மண்டபத்தின் சுவரோரம், இன்றைய கண்காட்சிக்காகப் பதினொரு மேசைகள். பதினொரு மேசைகளிலும் பதினொரு பழைய சிந்தசைசர்கள். நம் ஊர்ப் பேச்சில் கீபோர்டு. இவற்றை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் யார்? கோடீஸ்வரரா? கலாரசிகரா? இல்லை! தென்கோடியிலிருந்து செக்கிங் வேலைக்கு இங்கே வந்து, ஞாயிறு காலையில் கோயிலில் பாட்டுக்கு வாசித்து, ஞாயிறு மாலையில் கச்சேரிக்கு வாசித்து, திங்கள் காலையில் மறுபடியும் பனியனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த அந்தோணிராஜ். அதோ, மேடை ஓரத்தில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

கலைந்துபோன இசைக்குழுக்களில் கைவிடப்பட்டவற்றைக் கண்டெடுத்தார். பழுதென்று பரணில் எறிந்தவற்றைப் பரிவோடு வாங்கி வந்தார். மூன்றாவது மேசையில் இருக்கிறதே, மரப்பக்கம் வைத்த கறுப்புப் பெட்டி, அது அவிநாசிபாளையத்துப் பழைய இரும்புக் கடையில் கோழிக்கூண்டுக்கு மூடியாகக் கிடந்தது. கட்டைகளை அழுத்தினால் இசை வரவில்லை, கோழி எச்சம் வந்தது! சிரிக்காதீர்கள், கழுவியவன் நான்.

வாங்குவது எளிது. வாழவைப்பது எளிதா? நம் ஊர்க் காற்றில் பாதி பஞ்சு. அந்தப் பஞ்சு கட்டைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஐந்து தடவை அழுத்தினால் ஒரு தடவை சத்தம் வரும். கட்டை கட்டையாகக் கழற்றி, அடியில் இருக்கும் ரப்பரை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்தால் பெட்டி தன் ஞாபகத்தையே இழந்துவிடும். வீங்கிய கெப்பாசிட்டர் வெடிப்பதற்குள் மாற்ற வேண்டும். இத்தனையும் முடித்து, ரிஜெக்ட் ஆன டீ-சர்ட் துணியில் போர்வை தைத்து மூடிவைப்பார் மனிதர். அந்த வீட்டில் கீபோர்டுகளுக்குத்தான் கட்டில். மனிதர்கள் பாயில் படுக்கிறார்கள். தாய்மார்கள் ‘அடப்பாவி’ என்பது காதில் விழுகிறது. விஜயராணி அம்மாவும் அதையேதான் சொன்னார், ஆனால் யாருக்கும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

விஜயராணி அம்மா அந்தோணிராஜின் மனைவி. பகலெல்லாம் பவர் டேபிளில் தையல், மாலையானால் மேடையில் கோரஸ். அவர் குரலைக் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள். ஒன்று, இரண்டு... ஆறு பேர். பாக்கியசாலிகள். நான் கேட்டதில்லை. 2001-ஆம் ஆண்டு அவர் கழுத்தில் கட்டி வந்தது. அறுத்தார்கள். உயிர் பிழைத்தது, குரல் பிழைக்கவில்லை. யார்மேலும் குற்றமில்லை, கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை காற்றுப்போல ஒரு கிசுகிசுப்புதான். அதற்கு இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த மகள் ஆஷா, தன் தாய் பாடி ஒரு தாலாட்டுக்கூடக் கேட்டதில்லை.

ஆனால் அந்தக் குரல் ஓரிடத்தில் மட்டும் இருந்தது. எங்கே? அந்தப் பதினோராவது மேசையில்!

அந்தக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. நாம் கொடுக்கும் ஓசையை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தும்போது திருப்பிக் கொடுக்கும். ஒரே ஒரு ‘ஆ’ பாடிக் கொடுத்தால் போதும், அதையே ஏற்றி இறக்கி ஒரு கோரஸையே உண்டாக்கும். 1998-இல், விஜயராணி அம்மா அதற்கு ஒரு ‘ஆ’ பாடிக் கொடுத்தார். ஆனால் கரண்டை நிறுத்தினால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் குரலை ஒரு ஃபிளாப்பியில் பதிந்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து ஏற்ற வேண்டும். இளையவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சட்டைப்பையில் அடங்கும் சதுரத் தட்டு. அந்தோணிராஜ் மூன்று தட்டுகளில் பதிந்து வைத்தார். இரண்டில் பூஞ்சை பிடித்தது. மிச்சம் ஒன்று. அதையும் படிக்க முடியாதபடி கீபோர்டின் உள்ளே இருந்த பெல்ட் வெல்லப்பாகாக உருகிவிட்டது. இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமலே, ஆஷா பிறந்த காலம் தொட்டு அந்தத் தட்டு பைபிளுக்குள் இருந்தது.

இந்த ஆண்டு பொங்கல் கழித்து அந்தோணிராஜ் என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, எம்ப்ராய்டரி மெஷின்ல ஃபிளாப்பிய எடுத்துட்டு பென் டிரைவ் பொட்டி மாட்டுதீங்களாம்லா? எங்கிட்ட ஒரு கீபோர்டு கெடக்கு. அதுக்கும் மாட்ட முடியுமா?”

“மாட்டிரலாமுங்க. ரெண்டுத்துக்கும் ஒரே அளவு, ஒரே ஒயர். முதல்ல அந்தப் பழைய தட்டு உசுரோட இருக்குதான்னு பாத்துப்போடலாமுங்க.”

அவையோரே, அந்தத் தட்டைப் பைபிளோடு கொண்டுவந்து, இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கம்பெனியில் ஃபிளாப்பி வைத்த மெஷின் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. அதில் போட்டு, தட்டு சுழல்கிறதா என்று பார்க்கலாமே என்று ஒரு மேதாவித்தனம்!

அம்மா நஞ்சம்மாள் அவர்களே, இனி நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாது. அந்தோணிராஜுக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிக்கே தெரியாது. நான்கு மாதங்களாக என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. இன்று இறக்கி வைத்துவிட்டுத்தான் இந்த மைக்கை விடுவேன்.

தட்டைப் போட்டேன். எம்ப்ராய்டரி மெஷினுக்குத் தெரிந்தது பூவும் மயிலும் கம்பெனி லோகோவும்தான். அதற்கு விஜயராணியின் குரல் என்ன தெரியும்? திரையில் ஒரு கேள்வி கேட்டது. ‘இது பழக்கமில்லாத தட்டு. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கட்டுமா?’ இருபது வருடமாக, ஒவ்வொரு புதுத் தட்டு போடும்போதும் வரும் கேள்வி. இருபது வருடமாக என் விரல் அழுத்தும் பதில் ஒன்றே ஒன்று. மனம் யோசிப்பதற்கு முன்னால் விரல் போய்விட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டேன்!

ஐயோ என்று கத்தினேனா? இல்லை. கத்தக்கூட வரவில்லை. கரண்டைப் பிடுங்கினேனா? இல்லை. கால் நகரவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவன், மின்சாரம் அடித்தும் பிழைத்தவன், அன்று அந்த மெஷின் முன்னால் நின்று அழுதேன். யாருடைய குரலை யார் அழிப்பது? கடவுளே கட்டி போட்டு எடுத்துக்கொண்ட குரலில் மிச்சமிருந்த ஒரு துளியை, ஒரு மெக்கானிக்கின் ஆள்காட்டி விரல் அழிப்பதா?

அப்போது மெஷின் ‘பீப்’ என்றது. திரையில் இன்னொரு வரி. ‘இந்தத் தட்டு பூட்டப்பட்டுள்ளது. அழிக்க இயலாது.’

கை தட்டுகிறீர்கள்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அந்தப் பூட்டுக்குத் தட்டுங்கள்! ஃபிளாப்பியின் மூலையில் நகத்தளவு ஒரு கறுப்புத் துண்டு உண்டு. அதைத் தள்ளிவிட்டால் ஒரு ஓட்டை திறக்கும். ஓட்டை திறந்திருந்தால் எந்த மெஷினும் அதில் எழுத முடியாது, எதையும் அழிக்க முடியாது. யாரோ ஒரு புண்ணியவான் தள்ளி வைத்திருக்கிறார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று முதலாளியம்மா வந்து, “ஏனுங்க சிவராஜ், மெஷினுக்கு முன்னாடி கும்புட்டுட்டு உக்காந்திருக்கறீங்க, ஆயுத பூசை இன்னும் வரலீங்களே?” என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா அம்மா? அன்றுதான் அது.

அந்தோணிராஜ், முறைக்காதீர்கள். அடிப்பதாக இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மறு ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். கீபோர்டைத் திறந்தேன். உருகிய பெல்ட்டைச் சுரண்டி எடுத்தேன். ஜட்டி எலாஸ்டிக்கைப் போட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், திருப்பூர்க்காரன் கைக்கு முதலில் அதுதான் வரும்! அது வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் ஒரு பழைய டேப் ரெக்கார்டரின் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தியது. தட்டைப் போடுவதற்கு முன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

“ஏனுங்க, இந்தப் பூட்டத் தள்ளி வெச்சது ஆருங்க?”

அந்தோணிராஜ் விழித்தார். விஜயராணி அம்மா கிசுகிசுத்தார்.

“நாந்தான். இவங்களுக்கு மறதி ஜாஸ்தி. எம் மேலயே தவில் சத்தத்தப் பதிஞ்சிருவாங்கன்னு அன்னைக்கே ஹேர்பின்ன வச்சுத் தள்ளிட்டேன்.”

அந்த அம்மாவின் காலில் விழாத குறை எனக்கு. புண்ணியவான் இல்லை ஐயா, புண்ணியவதி! தன் குரலைத் தானே காத்துக்கொண்ட புண்ணியவதி!

தட்டு சுழன்றது. கர்ர் என்றது. நின்றது. மறுபடி கர்ர் என்றது. மகள் ஆஷாவோடு சேர்ந்து நால்வரும் கீபோர்டின்மேல் குனிந்தோம். அந்தோணிராஜ் ஒரு கட்டையை அழுத்தினார்.

‘ஆ...’

எப்படிச் சொல்வேன்? இருபத்தேழு ஆண்டு ஒரு பெட்டிக்குள் இருந்த குரல் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? பக்கத்து அறையில் நின்று பாடுவதுபோல அத்தனை பக்கத்தில் இருந்தது. ஆஷா கேட்டாள், “யாருப்பா பாடுறது?” விஜயராணி அம்மா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெண் தாயின் கழுத்தையும் கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாயின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் ஸ்க்ரூவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

உடனே, கரண்டை நிறுத்தாமலே, பென் டிரைவ் பெட்டியை மாட்டினேன். குரலை நான்கு இடத்தில் பிரதி எடுத்தேன். என்னங்க? ‘ஒரிஜினல் கெட்டுப்போகுமே’ என்கிறாரா அந்த ஐயா? ஐயா, வாங்கி அடுக்கிப் பொட்டு வைத்துப் பூட்டுவோர் பலர் உண்டு. அவர்களிடம் இருப்பது பொருள். எனக்கு வேண்டியது பாட்டு! பெல்ட் உருகி ஊமையாகக் கிடப்பதா ஒரிஜினல்? பேட்டரி செத்துப் பேதலித்து நிற்பதா ஒரிஜினல்? பஞ்சடைத்துப் பாழாய்ப் போவதா ஒரிஜினல்? திறந்து பாருங்கள், துடைத்துப் பாருங்கள், தேய்ந்ததை மாற்றுங்கள், புதியதைப் பூட்டுங்கள்! பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கும் முன் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள்! கோபமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம் அல்லவா? விஜயராணி அம்மா மட்டும் அழவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா செய்யுது?” என்று பதறினார் அந்தோணிராஜ்.

“சுருதி கொறையுது.”

“என்னது?”

“அன்னைக்கே சொன்னேன்லா? டபுள் ஷிப்ட் முடிச்சு ஓடி வந்தேன், தொண்ட கட்டியிருக்கு, இன்னொருக்கா பாடுதேன்னு. நீங்கதான் போதும் போதும்னுட்டீங்க. பெறகு பாடிக்கிடலாம்னு விட்டுட்டேன். பெறகு எங்க பாட?”

இருபத்து நான்கு ஆண்டுகளாக அந்த அம்மா மனதில் உறுத்திக்கொண்டிருந்தது குரல் போன வருத்தம் மட்டும் இல்லை. உலகத்தில் தன் குரல் என்று மிஞ்சியிருக்கும் ஒன்று, சுருதி சேராத ஒன்றாக இருக்கிறதே என்ற வருத்தம். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும்?

அந்தோணிராஜ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கீபோர்டின் சின்னத் திரையில் எதையோ தேடி, ஒரு பட்டனை அழுத்தினார். நூலிழை அளவு ஏற்றிவிட்டு, கட்டையைத் தொட்டார். ‘ஆ...’ அம்மா தலையசைத்தார்: இல்லை. இன்னொரு இழை. இல்லை. இன்னொரு இழை. கண்ணை மூடிக்கொண்டு, விரலை மேலே தூக்கி, இன்னும், இன்னும் என்று காட்டினார். ஒன்பதாவது முறை அந்த விரல் நின்றது. கண்ணைத் திறக்காமலே, காற்றுக் குரலில் ஒரு வார்த்தை சொன்னார்.

“அப்பாடா.”

அவையோரே, நான் ஆயிரம் மெஷின்களைச் சரிசெய்திருக்கிறேன். எனக்கு அதைவிடப் பெரிய சம்பளம் யாரும் தந்ததில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கு நன்றி. மைக் செட்டுக்கு நன்றி. தலைமை தாங்கும், என்னை இன்னும் வேலையை விட்டு நிறுத்தாத முதலாளியம்மாவுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்குத் தலை தாழ்ந்த நன்றி. மின்விசிறிகளைக் கொஞ்சம் நிறுத்துங்கள், புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் மறுக்கப்பட்ட அந்த இன்னொரு தடவையை இப்போது விரல்களால் பாடுவதற்காக, அதோ, விஜயராணி அம்மா பதினோராவது மேசைக்கு எழுந்து போகிறார். எல்லோருக்கும் வணக்கம்.