சில்வி வீட்டுக் கூரையில் மட்டும்

— ஏணியை இன்னும் கெட்டியாப் பிடிங்க, சில்வி. நான் விழுந்தா எனக்குக் கால் போகும். உங்களுக்குக் கூரை போகும்.

— பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், உர்ஹோ. நீங்க கத்துற கத்துலதான் ஏணி ஆடுது.

— கத்தாம என்ன செய்ய? காலுமெட் ஊர்ல இந்தத் தெருவுல மட்டும் பதினாலு வீடு. எல்லாக் கூரையிலயும் பனி விழுந்தபடியே கிடக்கு. உங்க கூரையில மட்டும் நடுவுல உருகி, ஓரத்துக்கு ஓடிவந்து, தண்ணி வடியுற தகரக் குழாய்ல உறைஞ்சு அணை கட்டி நிக்குது. என்ன நியாயம் இது?

— என் காலுறையில உப்பைக் கட்டி மேல போட்டீங்களே, அது கரைக்கலையா?

— ரெண்டு வழி விட்டிருக்கு. இன்னும் நாலு ஜோடி குடுங்க.

— இருந்ததெல்லாம் மேலதான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை பாதிரியார் வாசல்லயே நிறுத்திக் கேட்டார், “தனிக்கட்டை உர்ஹோ உங்க காலுறையை ஊருக்கே காட்டுறாரே, என்னம்மா விசேஷம்”னு.

— அவர் வீட்டுக் கூரை ஒழுகட்டும், அப்பத் தெரியும் விசேஷம்.

— இறங்குங்க, காபி ஆறுது. ஏலக்காய் ரொட்டியும் இருக்கு... ஒண்ணு சொல்லணும். படுக்கையறை ஒழுகினதை மில்வாக்கியில இருக்கிற மகன்கிட்ட வாய்தவறிச் சொல்லிட்டேன். சனிக்கிழமை பனிக்கட்டி உருக்குற நீராவி எந்திரத்தோட கம்பெனி ஆளுங்களை அனுப்புறானாம். இனிமே பனி வார நீங்க வரவே வேணாமாம்.

— வரவே வேணாமா! மூணு குளிர்காலமா தினம் காலையில வந்து வாரினவன் நான். கூரைக்குச் சூடு ஏறாம மச்சு முழுக்க முழங்கால் உசரத்துக்குப் பஞ்சு அடைச்சவன் நான். காரணத்தை எவனோ வந்து எனக்குச் சொல்லணுமா? மச்சுல ஏறிப் பார்த்துட்டுத்தான் காபி.

— ஐயோ, மச்சுல எதுக்கு? எலி கிடக்கும்!

— கிடக்கட்டும், வழிவிடுங்க.

— உர்ஹோ, சொன்னாக் கேளுங்க...

— சில்வி.

— ம்.

— மச்சுக் கதவு ஒரு சாண் திறந்திருக்கு. வீட்டுச் சூடு பூரா இதுவழியாத்தான் கூரைக்குப் போகுது.

— காத்துல திறந்திருக்கும்.

— காத்து வந்து என் கையுறையை அடைகொடுத்து வச்சுட்டுப் போச்சோ? இது நவம்பர்ல நான் தொலைச்ச இடது கையுறை!

— கோவிச்சுக்காதீங்க. மூடினாக் கூரை சரியாயிடும். நீங்களும் பனி வாரியைத் தோள்ல போட்டுக்கிட்டு உங்க வீட்டோட இருந்துடுவீங்க. என் வீட்டுக்காரர் போனப்புறம், காலையில இங்க பேச்சுக்குரல் கேக்குறதே உங்களாலதான்.

— மூணு வருஷமாவா இந்த வேலை?

— ரெண்டு. முதல் வருஷம் நிஜமாவே ஒழுகுச்சு. ஆனா ஒரு சாண்தானே திறந்தேன், படுக்கையறை வரைக்கும் எப்படி ஒழுகுச்சுன்னு எனக்கே விளங்கலை.

— சரி சரி. மகனுக்குப் போன் போட்டு, கம்பெனி ஆளுங்க வேணாம்னு சொல்லுங்க.

— எதுக்கு? கதவைத்தான் மூடிடப் போறோமே. அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?

— அவங்க முதல்ல தகரக் குழாயைத்தான் தோண்டுவாங்க.

— தோண்டட்டுமே. அக்டோபர்ல நீங்கதானே அதுல விழுந்த இலையெல்லாம் சுத்தமா வாரிக் குடுத்தீங்க?

— குழாய் அடைச்சுக்கட்டும்னு கடைசி மூலையில ஒரு கூடை இலையை விட்டுட்டுத்தான் வாருவேன், சில்வி. முதல் வருஷத்துலருந்தே.