இறங்கிப்போன கல்

ஹலோ... அக்கா, நான்தான். ஃபோனை வெச்சுடாத... சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. முதல்ல நான் சொல்றதக் கேளு. அடுத்த பெருமழைக்கு உன் வீடு முழுகும்.

...விளையாடலக்கா. ...ஆமா, ஆமா, நான்தான் சொன்னேன், கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு. ஆபீஸ் வெள்ள வரைபடத்துல உன் தெருவுக்கு ஆபத்தில்லன்னு பச்சை அடிச்சவனே நான்தான். இப்போ... அட, கேளேன்!

துறைமுக கேட் பக்கத்துல ஒரு கல் இருக்கு. தெரு, வாய்க்கால், வெள்ளத்தடுப்புச் சுவர்... எதோட உயரத்தையும் அதுலேருந்துதான் அளப்போம். அந்தக் கல்லே பூமிக்குள்ள இறங்கியிருக்கு. ஒண்ணேகால் அடி! ...ஊரே இறங்குதுக்கா. தெருவும் கல்லும் சேர்ந்து இறங்கினா கணக்கு சரியாத்தானே வரும்? பதினோரு வருஷமா சரியாத்தான் வந்துச்சு. கடல் மட்டும் இறங்கல.

...இதை யாரு பார்த்திருக்கணும்னா கேக்கற? நாங்கதான். வருஷாவருஷம் மலையடிவாரத்துல இருக்கற அசையாத பாறையிலேருந்து அளந்துட்டு வந்து கல்லைச் சரிபார்க்கணும். வெயில்ல ஒன்பது மைல் யாரு நடக்கறதுன்னு போன வருஷத்து நம்பரையே திருப்பி எழுதினோம். இந்த வருஷம்தான் நிஜமாவே நடந்து அளந்தேன். ...நானும்தான். திட்டு. நல்லாத் திட்டு.

...மேலதிகாரிகிட்டயா? சொல்லிட்டேன். சுவர் திறப்பு விழா முடியட்டும்கறாரு. ...ஆமா, அதுவும் ஒண்ணேகால் அடி குட்டைதான். மாலை போட வாகா இருக்கும்.

சரி, சாமானையெல்லாம் மாடிக்கு... என்னது? விக்கறியா? எப்போ முடிவாச்சு? ...அடுத்த வாரமே பத்திரப் பதிவா! ...அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாதா? இது மாமா சொல்றதா, நீ சொல்றதா?

...ஓ. நீதானா.

யாரு வாங்கறாங்க? ...டீச்சரா. ...அவங்க அப்பாவால நடக்க முடியாது, அதான் தரைத்தளமாத் தேடினாங்களா. ...அக்கா, உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

...வெள்ளம் வருமான்னு அவங்க கேக்கவே இல்லையா? ...கேட்டாங்களா. நீ என்ன சொன்ன?

...

'வராது, என் தம்பிதான் அளந்தான்'னா சொன்ன?

...அவங்க நம்பரைக் கொடு. ...கொடுக்கா. ...அழாத, அழுதா ஆச்சா? ...சரி, கொடுக்காத. பத்திரம் பதியற அன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நான் நிப்பேன். ...என்ன சொன்ன? வந்தா நான் உனக்குத் தம்பியே இல்லையா?

...சரி. அப்போ அளந்தது உன் தம்பி இல்லன்னு அந்த டீச்சர்கிட்டயும் சொல்லிடு... ஹலோ? அக்கா? ஹலோ...