குளிர வைத்த குழல்கள்

ஸ்டேஷன் வாசலில் ஒரு சிவப்பு மாடு பருவத்துக்கு வந்து விடாமல் கத்திக்கொண்டிருக்கிறது பாருங்கள், நரசிம்மன் சார். யாருடையது என்று விசாரித்து, நாளைக் காலைக்குள் சினை ஊசி போட்டுவிடச் சொல்லுங்கள். விட்டால் இன்னும் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். செங்கல்பட்டு வட்டாரத்தில் இருபத்தேழு வருஷம் அந்த வேலை பார்த்தவன். காது தானாக அங்கே போய்விடுகிறது.

அந்த வேலையில் திரவ நைட்ரஜன் கேனோடுதான் குடித்தனம். காளை விந்து உறைந்து கிடக்கும் கேன். பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். எல்லோருக்கும் நான் 'மாட்டு ஊசி'. சாலமோன் என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஓய்வு பெற்றதும் சதுரங்கப்பட்டினம் பக்கம், சவுக்குத் தோப்புக்குள் இருக்கும் ரைஃபிள் கிளப்பில் ஸ்டோர் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். துப்பாக்கிக் குழலை அதே நைட்ரஜனில் ஒரு நாள் குளிர வைத்தால் இரும்பின் இறுக்கம் தளர்ந்து குறி கூடும் என்று எங்கேயோ படித்தேன். கிளப் தலைவர் திருவேங்கடத்திடம் சொன்னேன். மதுராந்தகத்தில் அரிசி மில் வைத்திருப்பவர். புரியாத விஷயம் என்றால் உடனே ரிப்பன் வெட்டுவார். வெட்டினார். கிளப்பின் நான்கு ரைஃபிள்களில் இரண்டின் குழலைக் குளிர வைத்து, அடையாளத்துக்கு நீல டேப் சுற்றினேன். பேனரில் என் படத்துக்குக் கீழே 'உறைகுளிர் விஞ்ஞானி' என்று போட்டார்கள். சிரிக்கலாம் சார், தப்பில்லை. அந்தப் பேனர் மடித்தபடி இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

என் தங்கை பாப்பாவின் மகள் ஷாரோன் அங்கேதான் சுடுகிறாள். நீல டேப் ரைஃபிளை எடுத்தால் தோட்டாக்கள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழும். மற்றதை எடுத்தால் சிதறும். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

அவள் அப்பா பெஞ்சமினுக்கு வேண்டியிருந்தது. கல்பாக்கத்தில் டெக்னீஷியன். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைக்கூட இஞ்ச் டேப் வைத்து அளந்து பார்த்தவன். "இன்னா மச்சான், இந்தச் சின்னத் தோட்டாவுக்குக் குழல் சூடே ஏறாது. சூடு ஏறாததைக் குளிர வெச்சு இன்னா பண்ணப் போற?" என்று ஆரம்பத்திலேயே கேட்டான். பிறகு ஒரு மாதம், யாருக்கும் சொல்லாமல், டேப்பை மாற்றி மாற்றி ஒட்டி மகளைச் சுட வைத்திருக்கிறான். குளிர வைக்காத குழலில் டேப் இருந்தால், அதுதான் நன்றாகச் சுட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் டேப்பைப் பிரித்துவிட்டால் நான்கும் ஒன்று போலவே சுட்டிருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை மதியம் அந்த இலக்கு அட்டைகளை என் முன்னால் பரப்பினான். "உன் நைட்ரஜனை விட என் டேப்பு நல்லா சுடுது மச்சான்" என்று சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "நாளைக்கு மீட்டிங்ல சொல்லிடறேன். பாவம், தலைவரு அடுத்த ரிப்பன் வாங்கி வெச்சிகினு கீறாரு."

"மாநிலப் போட்டி முடியட்டும். அப்புறம் சொல்லேன்."

"பொண்ணு டேப்பை நம்பிகினு போவக்கூடாது மச்சான். அவ கைய அவ நம்பணும்."

நியாயமான பேச்சு.

குழல்களின் நம்பரைக் குறித்துக்கொள்ள ஸ்டோர் அறைக்குள் போனான். எட்டுக்கு ஆறு அறை. குழல்களைக் குளிர வைக்கும் தொட்டியில் அப்போதுதான் நைட்ரஜன் ஊற்றியிருந்தேன். அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். அடைத்த அறையில் நல்ல காற்றைத் தள்ளிவிட்டு அதுவே நிரம்பும். வாசனை இல்லை, இருமல் வராது. மூச்சு விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஆள் சாய்ந்துவிடுவான். வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நான்தான் சொல்லிக் கொடுப்பேன்: கேன் இருக்கும் அறையில் ஜன்னலைச் சாத்தாதே.

ஜன்னலைச் சாத்தினேன். கடற்காற்றில் மணல் வந்துகொண்டிருந்தது. கதவையும் சாத்தினேன். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு சுவிட்ச் வெளியே. ரொம்பச் சத்தம் போட்டது, அணைத்தேன். தாழ்ப்பாள் போடவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டியிருந்தால் திறந்திருப்பேன். நான் ரோட்டோர டீக்கடையில் இருந்ததால், தட்டினானா என்று தெரியாது.

விபத்து என்று எழுதி முடித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் இரங்கல் கூட்டமானது. 'அறிவியலுக்காக உயிர் கொடுத்தவர்' என்றார் திருவேங்கடம். கைதட்டப் போய் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அடக்கத்துக்கு முன்பே அட்டைகளை அடுப்பில் போட்டுவிட்டேன். பாப்பா இன்றும் எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறாள். "நீயாவது நேரத்துக்குச் சாப்புடுண்ணா" என்கிறாள்.

நேற்று ஷாரோன் ஸ்டோருக்கு வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. ஒரு ரைஃபிளை மேஜைமேல் வைத்தாள்.

"குறியே வரமாட்டேங்குது மாமா. கை சொன்னபடி கேக்கல. இன்னொரு வாட்டி குளிர வெச்சுக் குடுங்க. டேப்பை மட்டும் பிரிச்சிடாதீங்க, அது பிரிஞ்சி போச்சுன்னு அப்பா ஒட்டிக் குடுத்தது."

தொட்டிப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே இன்று பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

பெஞ்சமினைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள் சார்: குளிர வைத்த குழல் நன்றாகத்தான் சுடும். அவன் டெஸ்டில் எங்கேயோ ஒரு பிசகு இருக்கிறது. அவன் மட்டும் இருந்திருந்தால், இன்னொரு தடவை சுட்டுப் பார்த்திருக்கலாம்.