புள்ளிக்கு அப்புறம் ஏழு

முன்னாடி உக்காந்திருக்கிற அத்தை ஒண்ணு கேட்டாக. "மூணு நம்பர் லாட்டரிதான்த்தா குடும்பத்தை அழிக்கும். ஒத்தை நம்பர்ல என்ன இருக்கு? டீ குடிக்கிற காசு." எனக்கு மேடையில நின்னு கணக்குப் பேசத் தெரியாது அத்தை. எங்க தெருவுல நடந்தது ஒண்ணு இருக்கு, சின்னதுதான்... அதைச் சொல்லிட்டு உக்காந்துர்றேன்.

சுருளிவேல்னு ஒரு அண்ணன். லோடு ஆட்டோ ஓட்டுறவரு. அவரு வீட்டுல நாகஜோதி அக்கா, என்கூட ஏலக்காய்க் காட்டுக்கு ஜீப்புல வர்றவுக. ஒரே பிள்ளை, தன்ஷிகா. ஒண்ணாப்பு படிக்கிறா.

ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல்னு அக்கா வேலைக்கு வரல. மத்தியானம் தொட்டா கை சுடுது. தெர்மாமீட்டரை வச்சுப் பாத்துட்டு போனைப் போடுறாக.

"என்னங்க, நூத்தி ரெண்டு புள்ளி ஏழு காட்டுது. ஆட்டோவை எடுத்துட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"சரியாப் பாத்தியா? புள்ளிக்கு அப்புறம் ஏழுதானே?"

"ஏழுதாங்க."

"இன்னொரு தடவை பாரு. ஏழா, ஒண்ணா?"

அக்கா என்ன நினைச்சாக தெரியுமா? பாவம், மனுசன் துடிக்கிறாரேன்னு நினைச்சாக. நீங்களா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பீக?

அங்கிட்டு அண்ணன் இருக்கிற டீக்கடையில என்ன நடக்குது... பக்கத்துல கூட்டாளி பரமன்.

"மாப்ள, மூணு மணிக்குக் கேரளாவுல குலுக்கிருவான். பரிசுச் சீட்டோட கடைசி நம்பரைத்தான நாம சொல்லணும்? பிள்ளை உடம்புல வந்த நம்பர், விட்றாத. மூணு நம்பரா எழுது. பூஜ்யம், ரெண்டு, ஏழு."

"மூணு நம்பர் ஆயிரத்துல ஒண்ணுதான்டா விழும்."

"விழுந்தா வீட்டையே மாத்திரும்ல. ரெண்டு நம்பர்னா நூத்துல ஒண்ணு. ஒத்தைன்னா பத்துல ஒண்ணு, அதுக்குத் தர்றது பிச்சைக்காசு."

"அப்ப பார்டர் தாண்டி குமுளிக்குப் போயி முழுச் சீட்டாவே வாங்கிருவமா?"

"உன் வண்டியிலயா? நீ போயிச் சேர்றதுக்குள்ள குலுக்கி முடிச்சு, கடையப் பூட்டி, அவன் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்."

சிரிக்கிறாக. அப்புறம், திருட்டுத்தனமா காசு வாங்கி நம்பர் எழுதுறவனுக்குப் போன். கிடைக்கல. மறுபடியும்... மறுபடியும்.

இங்கிட்டு அக்கா கூப்பிடுறாக. போன் பிஸி. நெத்தியில போட்ட ஈரத்துணி போட்ட வேகத்துல காயுது. வாசலுக்கு ஓடுறாக. தெருவுல ஒரு வண்டி இல்ல, எல்லாரும் காட்டு வேலைக்குப் போயாச்சு. உள்ள ஓடி வர்றாக. பிள்ளைக்குக் கண்ணு மேல சொருகுது. மறுபடியும் போன்... பிஸி.

ஒருவழியா அண்ணனுக்கு லைன் கிடைக்குது. பயந்துக்கிட்டு ஒத்தை நம்பரே எழுதுறாரு. ஏழு. எழுதியாச்சு, கிளம்ப வேண்டியதுதானே? "ரிசல்ட்டைப் பாத்துட்டே போயிருவோம்டா"ங்கிறாரு.

மூணு மணி தாண்டி, ஹாரன் அடிச்சுக்கிட்டே ஆட்டோ வருது. "ஜோதி, ஏழு விழுந்துருச்சு." அக்காவுக்கு ஒண்ணும் புரியல. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஏறுறாக.

ஆஸ்பத்திரியில ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏத்தி, பிள்ளை கண்ணு முழிச்சிருச்சு. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும், எங்கய்யா போயிருந்த?"ன்னு நர்ஸம்மா திட்டுது. அண்ணன் காதுல அது விழல. பிள்ளை நெத்தியில முத்தம் குடுக்குறாரு. "உன் காய்ச்சல்தான்டா தங்கம் அப்பாவுக்கு அதிர்ஷ்டம்." ஆப்பிள் வாங்கிக் குடுக்குறாரு. பொம்மை வாங்கிக் குடுக்குறாரு. அக்காவுக்கு அப்பத்தான் விளங்குது, எந்த ஏழுன்னு.

மறுநாள் காலையில அவரே தெர்மாமீட்டரை எடுத்து வைக்கிறாரு. தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. காய்ச்சல் சுத்தமா விட்டுப் போச்சு. ஒரு தகப்பனுக்கு முகம் எப்படி இருக்கணும்? அவரு முகம் தொங்கிப் போச்சு. "இது எல்லாருக்கும் வர்ற நம்பராச்சே"ன்னு முணுமுணுக்குறாரு. "இன்னொரு தடவை வை பாப்பா."

பிள்ளை அப்பா மூஞ்சியவே பாக்குது. மெதுவாக் கேக்குது...

"கொறைஞ்சிருச்சாப்பா? நான் வேணா கம்பளியப் போத்திக்கவா?"

கஞ்சித் தம்ளரோட நின்ன அக்கா, அப்படியே தரையில உக்காந்துட்டாக.

அத்தை, நீங்க கேட்டீகள்ல... அந்த வீட்டுல எழுதினது மூணு நம்பர் இல்ல. ரெண்டு நம்பரும் இல்ல. டீ குடிக்கிற காசு, ஒத்தை நம்பர். அதுலயும் அவரு தோக்கல, ஜெயிச்சாரு. அந்த வீட்டுக்குள்ள என்ன வந்துச்சுன்னு பாத்தீகளா? ஒண்ணு பரவாயில்லையா, ரெண்டு பரவாயில்லையான்னு நாம இங்க உக்காந்து எடை போட்டுக்கிட்டு இருக்கோம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுக்கு வருத்தப்பட வைக்கிற ஒண்ணுல, சின்னது எது, பெருசு எது?

ஒண்ணு மட்டும் செய்யுங்க. வீட்டுல யாராச்சும், பிள்ளைக்கு எவ்வளவு காட்டுது, ஆஸ்பத்திரி டோக்கன் என்ன நம்பர்னு கேட்டா... சொல்றதுக்கு முன்னாடி, எதுக்குக் கேக்குறீகன்னு திருப்பிக் கேளுங்க. கேட்டுட்டு அவுக மூஞ்சியப் பாருங்க. பதில் வர நேரமாச்சுன்னா... அது உங்க வீட்டுக்குள்ளயும் வந்துருச்சு.